கூலிக்கு வேலை பார்ப்பவர்

ஏப்ரல் 6

தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. போன் பண்ணினால் மூன்றாவது மணியிலேயே துண்டிக்கிறாய். கடிதத்தை அப்படித் துண்டிக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் உறையைப் பிரிப்பாய், பிரித்தால் உன் கண் சும்மா இருக்காது. அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

நீ கிளம்பிப் போய் ஒரு மாதம் ஆகிறது. அன்றைக்கு என்ன நடந்தது என்று நான் சொல்ல நீ நின்று கேட்கவில்லை. இப்போதாவது கேள்.

உன் அண்ணன் போன பிறகு ஒன்பது வருஷம் லிஃப்ட் பராமரிப்புக்கு அரசாங்க டெண்டர் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: இதே அளவு வேலையை முன்பு செய்த அனுபவம் இல்லை. வேலையைக் கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று நானும் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போனேன். கடைசியில் ஒரு கதவு திறந்தது. பின்தங்கிய சிறு நிறுவனங்களுக்கான வழிகாட்டித் திட்டம். பெண் நடத்தும் கம்பெனி என்றால் ஒரு பெரிய கம்பெனி நமக்கு வழிகாட்டியாக இருந்து கற்றுக்கொடுக்கும், அரசாங்கம் நமக்கென்று ஒதுக்கி வேலை தரும். ஒரே ஒரு நிபந்தனைதான். பெயருக்குப் பெண்ணாக இருக்கக் கூடாது, உண்மையாகவே அவள்தான் நடத்த வேண்டும். மனைவி பெயரைப் பலகையில் எழுதிவிட்டுப் பின்னால் இருந்து ஓட்டுகிற ஆம்பிளைகளால் வந்த நிபந்தனை.

பெரிய கம்பெனியிலிருந்து நமக்கென்று ஒருவரை அனுப்பினார்களே, வெள்ளைச் சட்டைக்காரர், நீ 'கைகாட்டி' என்று பெயர் வைத்தாயே, அவர் நேர்காணலுக்கு முதல் நாளே சொல்லிவிட்டார். "கொழுந்தன்னு சொல்லாதீங்க. குடும்பத்து ஆம்பிளை உள்ள இருக்கார்னா அங்கேயே முடிஞ்சுது." நான் தலையாட்டினேன்.

உள்ளே மூன்று பேர். நடுவில் சங்கிலி போட்ட கண்ணாடியோடு ஒரு அம்மா. நிறுவனத்தை நடத்துவது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். லிஃப்ட் நின்றுபோனால் யாருக்குப் போன் வரும் என்றார். எனக்குத்தான் என்றேன். அது பொய்யில்லை, எனக்கு வரும், பிறகு நான் உன்னைக் கூப்பிடுவேன். அப்போது கண்ணாடிக்கார அம்மா திறந்திருந்த கதவு வழியாக உன்னைப் பார்த்துவிட்டார்.

"வெளியில நிக்கிறாரே, அவர் யாரு?"

"அவர் கூலிக்கு வேலை பாக்கிறவர்."

தலைமை மெக்கானிக் என்று சொல்லியிருக்கலாம். பதினாறு வருஷமாகக் கூட இருப்பவர் என்றாவது சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை வாயில் தானாக வந்தது, எங்கிருந்து வந்தது என்று எனக்கே புரியவில்லை. நீ உன் பையை ஆபீஸில் வைத்தாய், உன் சிவப்பு வயரை என் மேசையில் வைத்தாய், போய்விட்டாய்.

நமக்கு வேலை கிடைத்துவிட்டது, தம்பி. அரசு மருத்துவமனை, பதினோரு லிஃப்ட். இப்போதைக்கு நம் மெக்கானிக் ஏணியும் மற்ற இரண்டு பேரும் சமாளிக்கிறார்கள். ஏணி ஏறாத இடமில்லை, ஆனால் நாற்பத்தெட்டு வயதில் முட்டி அவனை விடுவதில்லை. நீ வா. திட்டத்துக்கு மாதாமாதம் ஒரு படிவம் அனுப்ப வேண்டும், அதில் 'இந்த மாதம் கற்றுக்கொண்டது' என்று ஒரு கட்டம். முதல் மாதம் நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'கோப்புகளை நிறவாரியாக அடுக்க.' பார்த்துக்கொள், உன் அண்ணியின் முன்னேற்றத்தை.

அண்ணி


ஏப்ரல் 19

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன்.

இங்கே ஒரு வணிக வளாகத்தில் நாலு நகரும் படிக்கட்டு, இரண்டு லிஃப்ட் என் பொறுப்பில். பக்கத்திலேயே ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர், கையை நீட்டித் தொடலாம். சம்பளத்துக்குத்தான் இருக்கிறேன், அதாவது கூலிக்கு. இங்கே அதைச் சொன்னால் யாருக்கும் கோபம் வருவதில்லை, எனக்கும் வருவதில்லை. சொன்ன இடம்தான் வேறு.

வர மாட்டேன். ஆனால் ஒரு விஷயம். மூன்று அதிகாரிகளிடம் 'நான்தான்' என்று சொன்னவருக்கு இது தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

கதவுப் பூட்டைச் சோதிக்கும்போது அதன் இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணைப்போம். இணைத்துவிட்டால் கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக லிஃப்ட் நினைத்துக்கொள்ளும், ஓடும். வேலை முடிந்ததும் வயரை எடுக்க வேண்டும். மறந்தால் கதவு திறந்தது திறந்தபடி கிடக்க, லிஃப்ட் வேறு மாடிக்குப் போய்விடும். கதவுக்குப் பின்னால் வெறும் குழி.

அண்ணன் ஒரு தடவை மறந்தார். ஒரு தபால்காரர் காலை உள்ளே வைத்துவிட்டார். தோளில் இருந்த பை கதவில் மாட்டியதால் பிழைத்தார். அண்ணன் ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. உங்களிடம் காய்ச்சல் என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு வந்ததுதான் நாலு முழச் சிவப்பு வயர். இரண்டு நுனியும் பூட்டில், நடுப்பாகம் இடது மணிக்கட்டில் ஒரு சுற்று. மறந்து கிளம்பினால் கையை இழுக்கும். மற்ற கம்பெனிக்காரர்கள் நம்மைக் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி என்று கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும். அண்ணன் காலத்திலிருந்து இன்றுவரை நம் ஆள் ஒருவன்கூட மறந்ததில்லை.

மேசையில் வைத்தது என்னுடையது. மணிக்கட்டு தடித்துப்போகும் என்று நடுவில் பிளாஸ்திரி சுற்றியிருப்பேன், அதனால் அடையாளம் தெரியும். அதை யாருக்கும் கொடுக்க வேண்டாம். பத்திரமாக இருக்கட்டும்.

தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து இரண்டு தடவை பதில் எழுத உட்கார்ந்தேன், இரண்டு தடவையும் கைகாட்டி வந்துவிட்டார். திங்கட்கிழமைதோறும் வருகிறார். நீ கேலி பண்ணினாலும் சொல்கிறேன், அந்த மனிதர் எனக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறார். நாற்பத்தொன்பது வயது வரை எனக்கு யாரும் நாற்காலி இழுத்துப் போட்டதில்லை. விலைப்புள்ளி எப்படி எழுதுவது, ஒப்பந்தத்தில் எந்த வரியைத் திருப்பிப் படிக்க வேண்டும், அதிகாரி பேசும்போது எங்கே குறுக்கிட வேண்டும், எல்லாம் சொல்லித் தருகிறார். பெரிய கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன். குரல் நடுங்கியது, ஆனால் உட்காரவில்லை. அவர்கள் கைதட்டினார்கள். உன் அண்ணன் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

பதினோரு லிஃப்ட் இருபத்தாறு ஆகிவிட்டது. மருத்துவமனையின் பழைய கட்டடத்தையும் நம்மிடம் கொடுத்துவிட்டார்கள். ஆள் அதே மூன்று பேர்தான். திட்டப்படி பாதி வேலையை வழிகாட்டி கம்பெனி ஆட்கள் செய்ய வேண்டும். கைகாட்டியிடம் கேட்டேன். வருவார்கள், வருவார்கள் என்கிறார். அவர்கள் வருகைப் பதிவேட்டில் மட்டும் ஒழுங்காக வருகிறார்கள்.

சோதனை அட்டைகள் அவர்கள் ஆபீஸிலிருந்து கட்டாக வருகின்றன. 'கதவுப் பூட்டு சரி, பிரேக் சரி, கயிறு சரி' என்று முன்பே அச்சடித்திருக்கும். உரிமையாளர் கையெழுத்து மட்டும் பாக்கி. போன வெள்ளிக்கிழமை எண்பது அட்டை. முதல் பத்தில் என் பெயர் என் பெயர் மாதிரி இருந்தது. கடைசியில் புழு நெளிந்த மாதிரி இருந்தது. அந்த மாதப் படிவத்தில் 'கற்றுக்கொண்டது: வேகம்' என்று எழுதினேன். கைகாட்டி சிரித்துவிட்டு, அதை அடித்து 'நேர மேலாண்மை' என்று திருத்தினார்.

கருவிப் பெட்டிகளையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டோம். தணிக்கைக்கு அப்படித்தான் இருக்க வேண்டுமாம். நீ பார்த்தால் நம் பெட்டி என்று சொல்ல மாட்டாய்.

கோபம் போய்விட்டதா? ஏணி உன்னைப் பற்றிப் பேசாத நாளில்லை.

அண்ணி


ஜூலை 11

அண்ணிக்கு,

கூட்டத்தில் பேசியது சந்தோஷம். இதைக் குத்தலாக எழுதவில்லை.

மூன்று பேருக்கு இருபத்தாறு லிஃப்ட் கட்டாது. அண்ணன் ஆளுக்கு ஐந்து என்று வைத்திருந்தார், ஆறாவது கேட்டால் சண்டை போடுவார். பழைய கட்டடத்தில் இருப்பவை கையால் இழுக்கும் கதவு. அந்தப் பூட்டுகள் தேய்ந்திருக்கும், ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். நீங்கள் நேரில் போய்ப் பார்க்காமல் அட்டையில் கையெழுத்துப் போடாதீர்கள். பார்க்க நேரமில்லை என்றால் நேரமில்லை என்று அட்டையிலேயே எழுதுங்கள்.

ஏணி போன் பண்ணினான். நலம் விசாரித்தான். வேறு ஒன்றுமில்லை.

வருவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என்னை என்னவென்று சொல்லி உள்ளே அழைத்துப் போவீர்கள்? அதற்கு ஒரு பதில் எழுதுங்கள், யோசிக்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 23

தம்பிக்கு,

செய்தி உனக்கு வந்திருக்கும். வேறு யார் வாயாலோ கேட்டிருப்பாய். என் கையாலும் ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. பழைய கட்டடம், மூன்றாவது மாடி. ஆறாம் வார்டில் ஸ்ட்ரெச்சர் இழுக்கும் ஊழியர், பத்தொன்பது வருஷ சர்வீஸ். ஒரு பெரியவரை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோக வந்தார். லிஃப்ட் கதவு திறந்திருந்தது. கதவு திறந்திருந்தால் லிஃப்ட் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து உள்ளே போனார்.

ஸ்ட்ரெச்சர் கதவில் குறுக்கே மாட்டிக்கொண்டது. பெரியவருக்கு ஒன்றுமில்லை. அவர்தான் கீழே பார்த்துக்கொண்டே கத்தியிருக்கிறார்.

முதல் நாள் ஏணி அந்தக் கதவைப் பார்த்திருக்கிறான். பூட்டு பிடிக்கவில்லை என்று வயரை இணைத்து ஓட்டிப் பார்த்தானாம். அதற்குள் புதுக் கட்டடத்தில் ஒரு லிஃப்ட் ஆளோடு நின்றுபோய்விட்டது என்று கூப்பிட்டார்கள், ஓடினான். அங்கிருந்து இன்னொன்று. மறுநாள் காலையில் அவன் ஞாபகத்தில் அந்தக் கதவே இல்லை. "அக்கா, கை இழுக்கல அக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். போலீஸ்காரர்கள் அப்படியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த லிஃப்டின் அட்டையில் 'கதவுப் பூட்டு சரி' என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து. அதை வெள்ளிக்கிழமையே போட்டுவிட்டேன்.

இறந்தவர் வீட்டுக்குப் போனேன். வாசல் வரைக்கும்தான் போனேன். செருப்பு விடும் இடத்தில் அவருடைய இன்னொரு ஜோடி செருப்பு இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

அண்ணி


ஆகஸ்ட் 30

அண்ணிக்கு,

கை எப்படி இழுக்காமல் போனது? அந்த வயர் என்ன நீளம்?

தம்பி


செப்டம்பர் 3

தம்பிக்கு,

ஒரு சாண்.

நீ இதைத்தான் கேட்பாய் என்று தெரியும். கேட்காமல் இருந்துவிட மாட்டாயா என்றும் நினைத்தேன்.

மே மாதம் கைகாட்டி கருவிப் பெட்டிகளைத் திறந்து பார்த்தார். சிவப்பு வயரைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன, கொடி கட்டுற கயிறா?" என்றார். அவர்கள் பட்டியலில் இணைப்பு வயர் ஒரு சாண்தான். தணிக்கையில் பட்டியலில் இல்லாத பொருள் இருந்தால் புள்ளி குறையும், புள்ளி குறைந்தால் அடுத்த பதினைந்து லிஃப்ட் வராது. உன் அண்ணன் ஏன் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். உன் கடிதம் மேசை இழுப்பறையில்தான் இருந்தது, தபால்காரர் கதையெல்லாம் அதிலேயே இருந்தது. சொன்னால் வீட்டு வைத்தியம் மாதிரி இருக்குமோ என்று கூச்சப்பட்டேன். அதுதான் உண்மை. எனக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறவர் முன்னால் கூச்சப்பட்டேன்.

புதிதாக வாங்கலாம் என்றார் அவர். நான்தான், நல்ல செம்பு, எதற்கு வீணாக்க வேண்டும் என்றேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கட்டிங் பிளேயரால் நாலு வயரையும் நானே துண்டு போட்டேன். நுனிகளில் கிளிப் மாட்டினேன். உன் அண்ணன் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே மின்வேலை அதுதான், அழகாகவே மாட்டுவேன். மூன்று பேருடைய வயரும் முடிந்தது, நாலாவது உன்னுடையது. கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு, விட்டுவிட்டுப் போனவனுக்கு வயர் எதற்கு என்று ஒரு வீம்பு வந்தது. வெட்டினேன்.

விசாரணைக் கோப்பில் அந்தக் கதவில் இருந்த வயரின் படம் இருக்கிறது. சிவப்பு, ஒரு சாண், நடுவில் பிளாஸ்திரி.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். பதினெட்டாம் தேதி விசாரணை. கைகாட்டி ஒரு வக்கீலோடு வந்தார். வாக்குமூலம் தட்டச்சு செய்தே கொண்டுவந்துவிட்டார்கள், கையெழுத்து மட்டும் பாக்கி. நான் பெயருக்குத்தான் உரிமையாளர், தொழில்நுட்பம் தெரியாத விதவை, எல்லாவற்றையும் நடத்தியது என் கணவரின் தம்பி, சிவப்பு வயர் அவர் கொண்டுவந்த பழக்கம், வழிகாட்டி நிறுவனம் எச்சரித்தும் ஊழியர்கள் கேட்கவில்லை, நடந்தது ஏணியின் தனிப்பட்ட கவனக்குறைவு. இதுதான் சுருக்கம். கையெழுத்துப் போட்டால் எனக்கு எச்சரிக்கையோடு முடிந்துவிடும், கம்பெனி திட்டத்தில் இருக்கும், மற்ற இரண்டு பேருக்கும் வேலை இருக்கும். போடாவிட்டால் முதல் குற்றவாளி நான்.

மார்ச் மாதம் எல்லாம் நான்தான் என்று சொல்லக் கற்றுக்கொடுத்த அதே ஆள், இப்போது எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொடுக்கிறார். இரண்டுக்கும் ஒரே குரல். இதையும் நாற்காலி இழுத்துப் போட்டுத்தான் சொன்னார்.

அந்தக் காகிதம் மேசைமேல் இருக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டேன் என்று உனக்கு எழுத ஆசை. போடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. ஜெயில் என்ற வார்த்தையைச் சொல்லிப் பார்க்கக்கூட வாய் வரவில்லை.

அண்ணி


செப்டம்பர் 9

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உங்கள்மேல் ஆத்திரமாக இருந்தேன். மூன்றாம் நாள் அது என்மேல் திரும்பியது. காரணம் இருக்கிறது.

ஏணி ஜூலையில் போன் பண்ணியது நலம் விசாரிக்க இல்லை. அண்ணே, வயரை வெட்டிட்டாங்க, மணிக்கட்டு காலியா இருக்கு, எனக்குப் பயமா இருக்கு, நீங்க அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க என்றான். நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்று இரண்டு தடவை சொன்னான். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "நான் கூலிக்காரன்டா. முதலாளியம்மாகிட்ட நீயே சொல்லு." அப்படிச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகு மனதுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. அந்த வார்த்தையை நாலு மாதமாக வாயில் அடக்கி வைத்திருந்தேன், துப்ப ஒரு இடம் கிடைத்தது.

அப்புறம் உங்களுக்கு எழுதும்போது 'வேறு ஒன்றுமில்லை' என்று எழுதினேன். வயரை வெட்டிவிட்டீர்களா என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நீங்களாக எழுதட்டும், நீங்களாகக் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். அந்த ஊழியர் பத்தொன்பது வருஷம் ஸ்ட்ரெச்சர் இழுத்தவர். நானும் நீங்களும் ஒரு வார்த்தைக்காக முறைத்துக்கொண்டிருந்ததில் அவர் போய்விட்டார்.

அதனால் சொல்கிறேன், அந்த வாக்குமூலத்தில் என்னைப் பற்றி இருக்கிற பகுதியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஏணியைப் பற்றிய வரியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் நடத்தியது நான்தான், வயர் என்னுடையது, வெட்டச் சொன்னதும் நான்தான், போனில் சொன்னேன். பதினேழாம் தேதி கிளம்பி வருகிறேன், நேரில் வந்து அதையே சொல்கிறேன். எனக்குக் குடும்பம் இல்லை. உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் என் ஜன்னலுக்கு எதிரே ஒரு சுவர்தான்.

நிறுவனத்தை நடத்துவது என் கொழுந்தன் என்று நீங்கள் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன். இப்போது சொல்லுங்கள் அண்ணி. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 20

தம்பிக்கு,

விசாரணைத் தேதியை முன்னால் தள்ளச் சொல்லிக் கேட்டு வாங்கியது நான்தான். பதினைந்தாம் தேதியே முடிந்துவிட்டது. நீ பதினெட்டு என்று நினைத்து பதினேழு வந்தாய், பூட்டிய ஆபீஸைப் பார்த்தாய், விசாரணை முடிந்துவிட்டது என்று கேட்டுத் திரும்பிப் போனாய் என்று எதிர்க்கடைக்காரர் சொன்னார். நான் வீட்டுக்குள்தான் இருந்தேன். நீ வீட்டு வாசலில் மணி அடித்ததும் கேட்டது. திறந்திருந்தால் நீ நேராக அதிகாரிகளிடம் போய் நின்றிருப்பாய். மன்னித்துக்கொள்.

அதே கட்டடம், அதே அறை. கண்ணாடிக்கார அம்மாவும் இருந்தார், அதே சங்கிலி. என்னை அவருக்கு ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை. வக்கீலும் கைகாட்டியும் பின்வரிசையில்.

முதலில் இறந்தவரின் மனைவியை விசாரித்தார்கள். ஒரு அதிகாரி, உங்கள் கணவர் ஏன் பின்னால் பார்க்காமல் நடந்தார் என்று கேட்டார். அவர் அழவில்லை. "ஸ்ட்ரெச்சரை எப்பவும் அப்படித்தான் இழுப்பாங்க. படுத்திருக்கவங்களைப் பாத்துக்கிட்டே போகணும். அவங்களுக்குப் பயமா இருக்கும்ல" என்றார். அந்த அதிகாரி தண்ணீர் குடித்தார். எனக்கு முன்வரிசை நாற்காலியில்தான் இறந்தவரின் மனைவி வந்து உட்கார்ந்தார். அவருடைய தோள் என் முட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அந்த வாக்குமூலக் காகிதம் என் பையில் இருந்தது, அதுவரைக்கும் இருந்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நிறுவனத்தை நடத்துவது யார் என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. நான்தான் என்றேன். வயரை வெட்டியது யார் என்றார்கள். நான்தான் என்றேன். பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான், மூன்று பேரை இருபத்தாறு லிஃப்டுக்கு அனுப்பியதும் நான். முன்பே அச்சடித்த அட்டைகளை அனுப்பியது யார், பதிவேட்டில் மட்டும் வந்த ஆட்கள் யாருடையவர்கள் என்பதையும் சொன்னேன். அதை எழுதிக்கொண்டிருந்தவர் நடுவில் பேனாவை வைத்துவிட்டார். கண்ணாடிக்கார அம்மா, எழுதுங்க என்றார், எழுதினார். அது கோப்பில் நிற்குமா என்று தெரியாது.

இப்போது நிலைமை: கம்பெனியைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். இருபத்தாறு லிஃப்டும் கைகாட்டியின் கம்பெனிக்கே போய்விட்டது, இடைக்கால ஏற்பாடாம். அவர்களுக்கு அடுத்த சிறு நிறுவனமும் கிடைத்துவிட்டது, பெயின்ட் அடிக்கிற ஒரு பெண். அவள் போன் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஏணியை விடவில்லை. வழக்கில் அவன் இரண்டாவது, நான் முதல். வரும் வியாழக்கிழமை நான் ஆஜராக வேண்டும், அன்றைக்கே உள்ளே வைப்பார்கள் என்று ஏணிக்காகப் பேசும் வக்கீல் சொல்கிறார். ஒரு பையில் துணி எடுத்து வைத்திருக்கிறேன். பயம் போகவில்லை, ஆனால் அந்த வார்த்தையை இப்போது சொல்ல வருகிறது.

நீக்கியது அவர்கள் கணினிக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. மாதப் படிவம் வழக்கம்போலத் தபாலில் வந்தது. 'இந்த மாதம் கற்றுக்கொண்டது' என்ற கட்டத்தில் 'நாலு முழம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அதை இனி யார் திருத்துவார்களோ.

உனக்கு ஒரு பதில் பாக்கி. என்னை என்னவென்று சொல்லி உள்ளே அழைத்துப் போவீர்கள் என்று கேட்டிருந்தாய். கடைசிக் கேள்வி உன்னைப் பற்றித்தான். கைகாட்டியின் வக்கீல் எழுந்து, இந்த வயர் இவர் கணவரின் தம்பியுடையது, உண்மையில் நடத்தியது அவர்தான், அவரையும் வழக்கில் சேர்க்க வேண்டும் என்றார். கண்ணாடிக்கார அம்மா என்னைப் பார்த்து, அவர் யார் என்று கேட்டார். என் கொழுந்தன், என் கம்பெனியின் முதுகெலும்பு, பதினாறு வருஷம் ஒரு ஆளுக்கும் கீறல் படாமல் பார்த்துக்கொண்டவன் என்று சொல்ல நாக்கு துடித்தது, தம்பி. கதவு அன்றைக்கும் திறந்துதான் இருந்தது. வெளியே நீ நிற்கவில்லை என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

"அவர் கூலிக்கு வேலை பாத்தவர்" என்றேன்.

அண்ணி